பக்கத்தில் இருப்பது மட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன், சத்தியமாக இளைக்கவில்லை.

போன வாரம் ஆபீசில் ஒரு கூத்து. சரக்கு வண்டிகளுக்குக் கிட்டத்து வழி சொல்லும் ஜாவா புரோகிராம் என் பொறுப்பு. ஒவ்வொரு தெருமுனைக்கும் ஊரிலுள்ள மற்ற எல்லா முனைகளோடும் நேர்த்தெரு உண்டா என்று ஒரு கட்டம் போட்டு, பிரம்மாண்டமான அட்டவணை செய்திருந்தேன். பெரும்பாலும் வெறும் கட்டங்கள்தான். கம்ப்யூட்டரின் நினைவகம் நிரம்பி, எல்லார் முன்னாலும் புரோகிராம் மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது.

டீம் லீடர் சிரித்துவிட்டார். "ஏம்ப்பா, ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் பக்கத்து வீடா? ஒவ்வொரு முனைக்கும் பக்கத்துல எது இருக்குன்னு மட்டும் வச்சுக்கோ, போதும்."

அப்படியே மாற்றினேன். இப்போது கேட்டு வாய் மூடுவதற்குள் வழி சொல்கிறது. வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதே.

அது கிடக்கட்டும். நாம் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டு அத்தையிடம் முதன்முதலில் என்ன கேட்டுப் போய் நின்றாய்? மறக்காமல் எழுது. சர்க்கரை என்று சொல்லிவிடாதே, அது டப்பா நிறைய இருக்கிறது. இங்கே எதிர்வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு வேறு ஏதாவது சாக்கு வேண்டும்.

பஸ் வந்துவிட்டது.

உன் பிள்ளை