சைலன்சர் சுடும் என்று சொல்லப் போன வீடுகள்

இன்று காலை தாவோ தியென் பகுதிக்குப் போகும் வழியில் பாலத்தின் மேல் வண்டிகள் நின்றுவிட்டன. பக்கத்து பைக்கின் சைலன்சரிலிருந்து, புது செராமிக் கோட்டிங் முதல்முறை சூடேறும் அந்தக் கசப்பு வாசனை வந்தது. முன்னால் இடம் விழுந்தும் நான் வண்டியை நகர்த்தவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிறது. உன் சட்டையிலெல்லாம் இருந்த வாசனை அது.

உன் வேலைக்காகத்தான் நீயும் உன் புருஷன் நானுமாகச் சென்னையை விட்டு வியட்நாமின் இந்த ஊருக்கு வந்தோம். தொழிற்சாலை ஒப்பந்தம் முடிந்ததும், உன்னோடு வேலை செய்த மின் என்ற உள்ளூர்ப் பையனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, கோ வாப் பகுதியில் ஒரு சந்துக்குள் கடை போட்டாய். சைலன்சரை மணலடித்துச் சுத்தம் செய்து, சூட்டைக் குறைக்கும் செராமிக் பூச்சை மெல்லிசாக அடித்து, சூளையில் வைத்து எடுப்பாய்.

"இந்த ஊர்ல பாதிப் பொம்பளைங்க கால்ல சைலன்சர் சுட்ட தழும்பு இருக்குப்பா. அதைக் கொஞ்சம் குறைச்சாப் போதும்" என்பாய். குறைக்கலாம் என்றுதான் சொன்னாய். வாடிக்கையாளர்களிடம் வியட்நாமிய மொழியில் பேசியவன் மின். அவன் "தொட்டாலும் சுடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தது நம் இருவருக்கும் புரியவில்லை.

ஒரு மத்தியானம், நம்மிடம் பூச்சு போட்டுப் போன ஒரு பெண், லானின் அம்மா, கடைக்குள் வந்தாள். இடுப்பில் லான், ஏழு வயதுக் குழந்தை. கெண்டைக்காலில் கட்டு. சுடாது என்று கேட்ட நம்பிக்கையில், சைலன்சர் இருந்த பக்கமாகக் குழந்தையை இறக்கிவிட்டிருக்கிறாள். அவள் கத்தவில்லை. உன்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். மின் மொழிபெயர்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ன கேக்குறாங்க? சொல்லு மின்" என்றாய்.

"ஏன் பொய் சொன்னீங்கன்னு கேக்குறாங்க அக்கா" என்றான் அரைகுறை ஆங்கிலத்தில். "எல்லாக் கடையிலயும் இப்படித்தான் சொல்றாங்க."

நீ அவனைத் திட்டவில்லை. சூளையை அணைத்துவிட்டு, "இன்னும் சுடும், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்" என்ற வாக்கியத்தை அவனிடமே கேட்டு மனப்பாடம் செய்தாய். மறுநாளிலிருந்து அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, பூச்சு வாங்கிப் போன ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனாய். சிலர் உன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒருவர் தேநீர் கொடுத்தார். சந்துகளில் முழங்கால் தண்ணீர் நின்ற நாளிலும் போனாய்.

லான் வீட்டில் மட்டும் கதவு திறக்கவில்லை. ஞாயிறுதோறும் என்னோடு போய் இரும்புக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினாய்.

"விடேன், அவங்களுக்கு இஷ்டமில்ல" என்று சொன்னேன்.

"அவங்க திறக்க வேணாம்ப்பா. நான் வரேன்னு தெரிஞ்சாப் போதும்."

அப்படிச் சொன்னாயே தவிர, திரும்பி வந்த அன்றெல்லாம் நீ சாப்பிடவில்லை. அந்த மழைக்காலம் முடியுமுன் உன் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே நினைவு தப்பிவிட்டது. பிறகு நீ பேசவே இல்லை.

காரியங்கள் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மின்னைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். நீ இல்லாமல் என்னைப் பார்த்ததும் கதவு திறந்தது. நீ இறந்துவிட்டதை மின் வழியாகச் சொன்னேன். லானின் அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாடியிலேருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். அடுத்த வாரம் திறக்கலாம், அடுத்த வாரம் திறக்கலாம்னு இருந்துட்டேன்" என்றாள். பிறகு கேட்டாள்: "அவங்களுக்கு என் மேல கோபமா?"

"இல்லை" என்றேன். அது உண்மை. நீ ஒருநாளும் அவளைக் கோபித்ததில்லை.

நீ வருத்தப்பட்டாயா என்று அவள் கேட்கவில்லை. கதவு திறக்காத நாளெல்லாம் நீ சாப்பிடாமல் இருந்ததை நானாகவும் சொல்லவில்லை. அதை மட்டும் இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன்.