ஓர் அங்குலம் ஏறிய கோடு

4-2-1974, திங்கள்

மதுராந்தகத்தில் கல்யாண மண்டப வேலை. மேல்சுவருக்கு மஞ்சள் டிஸ்டெம்பர், அது எனக்கு. கீழே நாலடி உயரத்துக்குப் பச்சை ஆயில் பெயிண்ட், அது சௌகத் அலிக்கு. என் தங்கை சுராயாவை ஒற்றைப் பெட்டியோடு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு நாலு மாதமாகத் திரும்பிப் பார்க்காத புருஷன். அவனோடு ஒரே சுவரில் நிற்கமாட்டேன் என்று காண்ட்ராக்டர் ஜானகிராமனிடம் சொன்னேன்.

"உங்க வூட்டுப் பேஜாரெல்லாம் இங்க இன்னாத்துக்கு மொய்னு? ரெண்டு கலரு சேர்ற எடம் கத்தி மாதிரி வரணும். அதுக்கு அவன் கை வோணும்" என்றார்.

5-2-1974

ஏணியை அவனுக்கு எதிர்ச் சுவரில் போட்டுக்கொண்டேன்.

7-2-1974

இன்று மேடைப் பக்கத்துச் சுவரில் கோடு இழுத்தான். சின்னப் பிரஷ், டப்பா விளிம்பில் துடைத்துத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. மஞ்சளில் ஒரு பிசிறு இல்லை. எனக்கு அது வராது. அவளைப் பஸ்ஸில் தள்ளிய கைக்கு வருகிறது. எரிகிறது.

8-2-1974, வெள்ளி

சுராயா விஷயமாகக் கூடிய ஜமாத்துக்கு இன்றும் அவன் வரவில்லை. இரண்டாம் தடவை. வேலையாம். குழந்தை இல்லை என்று அனுப்பினான் — சரி, தலாக்காவது சொல்லித் தொலைக்கிறானா? அதுவும் இல்லை. பெரியவர்கள் இருபத்திரண்டாம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். அம்மா சாப்பிடவில்லை. சுராயா சாப்பிட்டாள்.

11-2-1974

நீளச் சுவருக்கு இன்று நூல் அடித்தோம். நீலம் தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் சுவரில் நேர்க்கோடு விழும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒரு முனையில் அவன், மேடைச் சுவர் சேரும் மூலையில் நான். அவரவர் பக்கம் தரையிலிருந்து நாலடி அளந்து பிடிக்கவேண்டும்.

நான் நாலடி ஒரு அங்குலத்தில் பிடித்தேன்.

தெரிந்துதான் செய்தேன். கோடு கீழே இறங்கியிருந்தால் பச்சையை ஏற்றிச் சரிபண்ணிவிடலாம். ஏறிப்போனால் முடியாது, ஆயில் பெயிண்ட்மேல் டிஸ்டெம்பர் ஒட்டாது. அவன் என் முனைக்கு வந்து பார்க்கவே இல்லை. நான் அளந்தால் சரியாக இருக்கும் என்று நினைத்தானா? நினைக்கட்டுமே.

13-2-1974

அவன் மூலைக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். மேடைச் சுவர்க் கோடும் இந்தக் கோடும் ஒன்றோடொன்று சேரவில்லை. படிக்கட்டு மாதிரி ஒரு அங்குலம். பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். அந்த நேரம் பார்த்து மண்டபத்து முதலாளியும் ஜானகிராமனும் உள்ளே வந்தார்கள். சுவர் முழுக்கச் சுரண்டவேண்டும். எல்லார் எதிரிலும் வாங்கிக் கட்டிக்கொண்டான். நாளையிலிருந்து வராதே என்றார்கள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

குழாயடியில் கை கழுவும்போது பக்கத்தில் வந்தான். ஒன்பது நாளில் முதல் பேச்சு.

"சுராயா விசயத்துல உனக்குக் கோவம், மச்சான். இன்னிக்கித் தீத்துகினே. இத்தோட எல்லாம் சரியாப் போச்சி. ஜமாத்துலயும் இதான் சொல்லப் போறேன்."

சரியாப் போச்சாமே! பாவி. ஒரு அங்குலத்தில் என்னடா சரியாப் போச்சு?

இரவு

சுராயாவிடம் சொல்லிவிட்டேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முட்டாள் நான்.

"உன்ன நான் இன்னா கேட்டேன்? ஜமாத்துல கூட வந்து உக்காருன்னு மட்டும்தானே கேட்டேன்? இப்ப அவன் அங்க வந்து, அண்ணங்காரன் பழி வாங்கிட்டான், கணக்குத் தீந்துச்சின்னு சொல்லுவான். பெரியவங்களும் தலைய ஆட்டுவாங்க. அவங்கூட வாழ்ந்து நாலு வருசம் குடுத்தது நானு. நீ யாரு அத வச்சித் தீக்கறதுக்கு? காலைல போ. நாந்தான் பண்ணேன்னு சொல்லிட்டு வா."



14-2-1974

சொன்னேன். ஜானகிராமன் "பிரஷ்ஷ வச்சிட்டுக் கெளம்பு" என்றார். அவனைக் கூட்டிவர ஆள் போயிற்று. ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அவன் சைக்கிளில் எதிரே வந்தான். நான் தலையைக் குனியவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்கமாட்டேன்.

22-2-1974, வெள்ளி

ஜமாத்துக்கு வந்தான். சொன்னபடியே ஆரம்பித்தான் — அண்ணன்காரன் என் பிழைப்பைக் கெடுத்தான், அதோடு போகட்டும் என்று. திரைக்கு அந்தப் பக்கமிருந்து சுராயா பேசினாள்.

"அந்த வேலையத் திருப்பி வாங்கிக் குடுத்தாச்சி. அவரையே கேளுங்க. என் நாலு வருசத்துக்குப் பதில் சொல்லட்டும்."

அவன் பெரியவர்களைப் பார்த்தான், ஒருவரும் தலையாட்டவில்லை. அஸர் தொழுகைக்கு முன்னால் தலாக் சொன்னான். மஹர் பணமும் சாமான்களும் ஒரு மாதத்துக்குள் வரவேண்டும் என்று எழுதினார்கள்.

9-3-1974, சனி

அவன் வீட்டில் கிடந்த சுராயாவின் தையல் மெஷின் இன்று கைவண்டியில் வந்தது. இறக்கிவைக்கப் போனேன். சுராயா வண்டிக்காரரையே பிடிக்கச் சொன்னாள்.

மண்டபத்தில் கோடு சேர்ந்துவிட்டதாம், அவன்தான் இழுத்தானாம். இருக்கட்டும். அவன் தெரு வழியாக நான் போவதில்லை. நூல் பிடிக்க என்னையும் யாரும் கூப்பிடுவதில்லை. கல்பாக்கத்தில் குவார்ட்டர்ஸ் மதிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் எடுக்கிறார்கள், திங்கட்கிழமை போகிறேன்.

சாயங்காலம் கொடியில் கிடந்த என் வேலைச் சட்டையைக் காணோம். தோளில் கிழிந்திருந்த சட்டை. உள்ளே மெஷின் சத்தம் கேட்டது. கொஞ்சநேரம் கழித்துச் சுராயா சட்டையைக் கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல், பாய்மேல் வைத்துவிட்டுப் போனாள்.