ஒரே உறையில் இரண்டு கடிதம்

ஜூரோங், 13.8.1979

அன்புள்ள பிரிஜட்டுக்கு,

நான் சுகம். உனக்குச் சளி விட்டதா? பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

கப்பல் பட்டறை கேரம் அணியில் ஏழு வருஷமாக ஆடிய என்னை எடுத்துவிட்டு, உன் தம்பி சவரியைச் சேர்த்திருக்கிறார்கள். இளவயசு, நன்றாகத்தான் ஆடுகிறான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கேப்டன் பரமசிவம், "கண்ணு மங்குதாமே அண்ணே, ரெஸ்ட் எடுங்க லா" என்று இந்த ஊர்க்காரர்கள் மாதிரி 'லா' போட்டுச் சொன்னான். வெல்டிங்கில் கண் மங்குவதை உனக்கு மட்டும்தானே எழுதினேன்? நீ எனக்கு எழுதிய பதிலையும் சவரியின் உறைக்குள்ளேயே வைத்து அனுப்பினாய். பிரித்தவன் அவன்தான்.

இனி எனக்குத் தனி உறையில் எழுது. வருகிறவர் யாரிடமாவது கண்ணுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தனுப்பு.

கம்பெனி லாரி வந்துவிட்டது. சவரியிடம் எதுவும் கேட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என்னோடு வர அவன் ஒருத்தன்தான் இருக்கிறான்.

உன்
ஆம்ப்ரோஸ்