கைக்கு எட்டாத கைப்பிடி

மார்ச் 4

இனி நான் எழுதப்போவதை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

என்னைக் கண்டு மேகங்கள் எழுந்து நின்ற காலம் உண்டு. முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சுழல் நாற்காலிதான் என் போர் விமானம். புதிய போர் விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் ஒருவன். முதுகு சரியில்லை, பறக்காதே என்கிறார்கள். விமானிகள் பற்றாக்குறை, விலகிப் போகாதே என்றும் அவர்களேதான் சொல்கிறார்கள். பறக்காத விமானியை வைத்து எந்தப் பற்றாக்குறையைத் தீர்ப்பார்களோ?

குழுத் தலைவர் இன்று சிறைக்கதவைக் கொஞ்சம் திறந்து காட்டினார். "இந்த விமானமே போதும்னு எழுதின அறிக்கையில உங்க கையெழுத்துதான் பாக்கி. போடுங்க, மறுநாளே உங்களை விடுவிச்சிடறேன்."

மார்ச் 7

அக்கா மகள் போனில் பேசினாள். அவளும் விமானி, ஆள் சிறியவள் என்பதால் வீட்டில் அவள் பெயர் குருவி. புது விமானத்தின் முதல் அணியில் அவள் பெயர் இருக்கிறதாம்.

"சீக்கிரம் போடுங்க மாமா. எனக்கு இருப்பே கொள்ளல."

மார்ச் 9

கையெழுத்துக்கு முன் ஒரு முறை ராஜா மாதிரி உட்கார்ந்து பார்ப்போமே என்று, கூடத்தில் வைத்திருக்கும் மாதிரி விமானி அறைக்குள் ஏறினேன். குழுவினர் எல்லாரும் சட்டை பேண்ட்டோடு, இருக்கை வார்களைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்து சிரித்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள். நான் முழு உடுப்பு, தலைக்கவசம், வார்களை இறுக்கிப் பூட்டி, கண்ணாடி மூடியையும் மூடினேன். மெக்கானிக் என்னைக் கவனிக்காமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். மின்சாரம் இல்லையென்றால், தோளுக்குப் பின்னால் இருக்கும் கைப்பிடியை இழுத்தால்தான் மூடி திறக்கும்.

வார்கள் தோளை இறுக்கிப் பிடித்திருக்க, எட்டவில்லை. நிலாவில் துணி காயப்போடும் நீளக் கை என்னுடையது. எனக்கே எட்டவில்லை.

மார்ச் 10

தலைவரிடம் சொன்னேன். வாய் சும்மா இருந்ததா? மூன்று பகல் மூன்று இரவு உள்ளே கிடந்தேன், தாடி முழங்கால் வரை வளர்ந்தது, அக்காவைக் கூப்பிட்ட சத்தத்தில் ஊர் ஜன்னல் எல்லாம் உடைந்தது என்று அளந்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கைப்பிடி எட்டலைங்கறதும் இந்தக் கதையில ஒண்ணுதானே? போடுங்கய்யா கையெழுத்தை."

மார்ச் 11

பேனாவை எடுத்தேன். வைத்தேன்.

மார்ச் 13

குருவியிடம் சொன்னேன். தாடி, ஜன்னல் எதுவும் சேர்க்காமல்.

"நிஜமா எட்டலையா மாமா?"

"எட்டலைடி."

"கதை சொல்ற குரல்லயே சொல்லுங்களேன். இப்படிச் சொன்னா பயமா இருக்கு."

மார்ச் 16

முழு உடுப்பில் உங்களை ஒரு படம் எடுக்கணும் என்று தலைவரைக் கெஞ்சி ஏற்றினேன். வார்களை நானே இறுக்கினேன். மூடியை மூடி, மின்சாரத்தை நிறுத்தச் சொன்னேன்.

"இப்ப திறந்துக்கிட்டு வாங்க, தலைவரே."

கண்ணாடிக்குள் அவர் கை பின்னால் போனது. மறுபடி போனது. சிரிப்பு போய்விட்டது. திறந்துவிட்டதும் ஒரு சொம்பு தண்ணீரை முழுசாகக் குடித்தார்.

"கைப்பிடியை முன்னாடி வைக்கணும். அதை முடிக்கற வரைக்கும் நீங்க எங்கயும் போக முடியாது."

ஜூன் 2

அதே சுழல் நாற்காலி. விடுதலைக் கடிதம் எந்த மேசையிலோ தூங்குகிறது.

குருவி படம் அனுப்பியிருந்தாள். மாற்றிய மாதிரி அறையில், வார் இறுக்கி, கை கைப்பிடியின் மேல்.

நான் உள்ளே கிடந்தது மூன்று நாள் எல்லாம் இல்லை. மெக்கானிக் சாப்பிட்டுத் திரும்பும் வரைதான். தாடி பொய். ஜன்னல் பொய். அக்காவைக் கூப்பிட்டேனே, அது மட்டும் நிஜம்.