நடுவில் ஹாரன் இல்லாத ஸ்டியரிங்

பாய்,

நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட் தேதி கிடைத்துவிட்டது. சொன்னது அக்காதான். போனுக்கு வந்திருந்த குறுஞ்செய்தியையும் நேற்று மாலை உங்கள் முடிச்சூர் வீட்டில் என் கண்ணால் பார்த்தேன்.

போனைத் தேடி பிரிட்ஜ் மேல் துழாவியபோது அக்கா கையில் முதலில் வந்தது அந்தச் சக்கரம். சாப்பாட்டுத் தட்டு அளவில் கறுப்புப் பிளாஸ்டிக் ஸ்டியரிங். நடுவில் கையடக்க வீடியோ கேமைச் செருகிவைக்க ஒரு பள்ளம். சக்கரத்தைச் சாய்த்தால் திரையில் கார் திரும்பும். திரையில் ஒட்டிய ஸ்கிரீன் கார்டு நடுவில் மட்டும் தேய்ந்து மங்கியிருக்கிறது. அது உங்கள் உள்ளங்கை செய்த வேலை.

எங்கள் பத்திரிகை அலுவலகக் காரைப் பத்தொன்பது வருடம் ஓட்டினீர்கள்; பக்கத்து சீட்டில் பெரும்பாலும் நான். ஓய்வுபெற்றதும் ஒரு பழைய கார் வாங்கி, டீச்சர்களைப் பள்ளிக்கு ஏற்றிப்போக ஆரம்பித்தீர்கள். இரண்டாம் மாதமே பக்கவாதம் வந்து இடது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. கார் உறை மூடி வாசலில் நின்றது. கைக்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், ஸ்டேஷன் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் உங்கள் மச்சான் இதைக் கொண்டுவந்தார்.

"கடையில சும்மா கெடக்குது மச்சான். வண்டி எடுக்கற வரைக்கும் இத்த ஓட்டிக்கினு இரு."

மறுபடி வண்டி எடுப்பது. ஒன்பது மாதம் உங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

நீங்கள் விளையாடியதைப் பார்க்க வேண்டுமே! பந்தயம் தொடங்கியதும் மற்ற கார்கள் பறக்கும். நீங்கள் வலது தோளுக்கு மேல் திரும்பி, பின்னால் யாரும் வரவில்லையே என்று பார்ப்பீர்கள். பின்னால் இருந்தது பீரோ. குறுக்கே ஒரு கார் வந்தால் பழக்க தோஷத்தில் உள்ளங்கை ஸ்டியரிங்கின் நடுவில் விழும். ஹாரன் இருக்க வேண்டிய இடத்தில் திரை இருந்தது. தொட்ட மாத்திரத்தில் ஆட்டம் நின்றுவிடும்.

"எட்டு வண்டியில எட்டாவது, பாய்" என்றேன் ஒருநாள்.

"எட்டும் பத்திரமா வூடு போய்ச் சேர்ந்துதா, அத்தப் பாருங்க சார்."

அடுத்து அக்கா வாங்கி ஓட்டி மூன்றாவதாக வந்தார். "இவ்ளோதானா? இதுக்கா இத்தினி வருஷம் சம்பளம் வாங்குன?" என்று உங்களைக் கேட்டார். அன்று நீங்கள் சிரித்தது பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும்.

வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்த அன்று, லைசென்ஸ் விண்ணப்பம் நிரப்ப நான் வந்திருந்தேன். "ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன் சார்" என்று சக்கரத்தை எடுத்தீர்கள். ஒரு வளைவில் கார் சாலையை விட்டு வெளியே போனது. மறுபடி ஓட்டினீர்கள், அதே வளைவு. மூன்றாவது முறையும் அதேதான்.

"இது விளையாட்டு பாய். நிஜ வண்டி வேற" என்றேன்.

"வண்டி வேறதான் சார். கை இதே கைதான். திருப்புன்னா திருப்புது, ஆனா கொஞ்சம் கழிச்சி. அந்தக் கொஞ்சத்துல எவனாவது குறுக்க வந்துகினு இருப்பான்."

"டாக்டரே கையெழுத்துப் போட்டுட்டாரே!"

"அவரு கையப் பார்த்தாரு. ரோட்டப் பார்க்கல."

வெள்ளம் வந்த வருடம் முடிச்சூர் சாலையில் நீங்கள் இன்ஜினை அணைத்தது எனக்கு நினைவுக்கு வந்தது. மற்ற பத்திரிகைக்காரர்கள் உள்ளே போய்விட்டார்கள் என்று நான் கத்தினேன். "தண்ணிக்குக் கீழ ரோடு கீதா இல்லியான்னு தெரியல சார். தெரியலன்னா நிறுத்திடுவேன்" என்றீர்கள். கோபத்தோடு இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு வேன் பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது.

அன்று உங்களை நிறுத்தச் சொல்ல எதிரே தண்ணீராவது இருந்தது. இந்தத் தடவை அதுவும் இல்லை. அந்த வளைவை நம் இருவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. சான்றிதழ் மேசைமேல் இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டீர்கள்.

"உன் ஆதார் கார்ட எடுத்துக்கினு வா."

"இன்னாத்துக்கு?"

"வண்டி ஓட்ட."

"நல்லா கீதே கதை! எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

"அதான் நல்லது. கெட்ட பழக்கம் ஒண்ணும் இருக்காது."

ராஜகீழ்ப்பாக்கத்துப் பயிற்சிப் பள்ளியின் காரில், அக்கா கற்றுக்கொண்ட முதல் வாரம் முழுக்கப் பின் சீட்டில் உட்கார்ந்து போனீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை என்று அக்கா இன்றும் சொல்லிச் சொல்லி வியக்கிறார். அடுத்த வாரம் நீங்கள் உயிரோடு இல்லை.

ஸ்கிரீன் கார்டை மாற்றித் தரட்டுமா என்று மச்சான் கேட்டாராம். அக்கா விடவில்லை. டீச்சர்களும் காத்திருக்கிறார்களாம், காரின் உறையை எடுத்தாகிவிட்டது.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். செய்தி எழுதும்போது உறுதியாகாத ஒரு வரி வந்தால், கை தானாக நின்றுவிடுகிறது. அக்கா பாஸாகிவிடுவார் என்று எழுதத்தான் இப்போது ஆசை. தெரியவில்லை பாய், நிறுத்திக்கொள்கிறேன். டெஸ்ட் வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. மதியத்துக்குள் தெரிந்துவிடும்.