காசின் தலைப்பக்கம்

12.8.1996, திருவண்ணாமலை

வீட்டுக்கார அக்கா இன்று ஒரு சீனக் காசைக் காட்டினார். நடுவில் சதுர ஓட்டையுள்ள பழைய பித்தளை வார்ப்பு. முன்பு என் அறையில் குடியிருந்த வெள்ளைக்காரர் கொடுத்ததாம்.

"நீதான் பழைய காசெல்லாம் சேக்கறியே, இதுல எதுப்பா தலை?"

நான்கு எழுத்துள்ள பக்கம்தான் முகப்பு, அதில் அரசரின் ஆட்சிப் பெயர் இருக்கிறது, இரண்டு எழுத்துள்ளது பின்பக்கம் என்றேன். தெரிந்ததைச் சொல்லும் உற்சாகம்.

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் பண்ணலாமானு சுண்டிப் பாத்தேன்பா. தலை விழுந்தா வேணாம்னு நெனச்சேன். ரெண்டெழுத்துப் பக்கம் விழுந்துச்சு. அதத்தான் தலைனு நெனச்சு, ஆபரேஷன் வேணாம்னுட்டேன்."

அவர் கணவர் தை மாதம் இறந்தார்.

இரண்டு பக்கமும் வெறும் எழுத்துதான், சீனக் காசில் தலை, பூ என்று எதுவுமே கிடையாது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். இனிமேல் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாகத்தான் நினைப்பார்.