நம் இரு சுவர்களுக்கு நடுவே நாலு விரல்

சார்,

போன வாரம் அடித்த மழையில் என் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. அலமாரியை நகர்த்தினேன், ஊறின சுண்ணாம்பு வாடை முகத்தில் அடித்தது. உங்கள் கூடத்து வாடை. வருஷக்கணக்காக நீங்களும் உங்கள் மனைவி டீச்சரம்மாவும் அந்த வாடையில்தான் குடியிருந்தீர்கள். அதற்கு நான்தான் காரணம். உங்களிடம் நேரில் இதைச் சொல்லாமலே விட்டேன்.

எண்பதுகளில் கீழ்க்கட்டளையில் நீங்கள் வீடு கட்டியபோது பக்கத்து மனை என்னுடையது. தாம்பரத்தில் என் ஹார்டுவேர் கடைக்கு வரும் குழாய்களையும் மணலையும் அங்கேதான் போட்டு வைத்திருந்தேன். எல்லோரையும் போல நீங்களும் சுவரை எல்லைக்கோட்டின் மேலேயே எழுப்பிவிட்டீர்கள். மூன்று பக்கம் பூச்சு, வண்ணம். என் பக்கம் மட்டும் வெறும் செங்கல். அதைப் பூச என் மண்ணில் சாரம் கட்டியாக வேண்டும்.

கடைக்கு வந்தீர்கள். "அண்ணாச்சி, ரெண்டே நாள். பூசிட்டு சாரத்தைப் பிரிச்சிடறேன்."

"ஜன்னல் சன்ஷேடு அரை அடி என் மனைக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குதே சார். மொதல்ல அதை உடைங்க."

"இப்பவே உடைச்சா மழை நேரா உள்ள வரும். பூசினதும் உடைச்சிடறேன்."

"உடைச்சிட்டு வாங்க."

சைக்கிளில் கயிறு விற்று வாங்கிய மனை. ஒருத்தர் கால் வைத்தால் நாளைக்குப் பாத்தியம் பேசுவாரோ என்று பயம். பள்ளிக்கூட குமாஸ்தா நீங்கள் என்ன பாத்தியம் பேசியிருப்பீர்கள்!

மழைக்காலத்தில் டீச்சரம்மாவுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. உள்பக்கம் பூச ஏதாவது கேட்டீர்கள். ஓதத்துக்கென்று விற்கும் பெயின்ட் டின்னை எடுத்துக் கொடுத்தேன். வெளியே ஊறும் சுவருக்கு உள்ளே எதைப் பூசினாலும் நிற்காது என்று எனக்குத் தெரியும். அடுத்த மழைக்கே கொப்பளித்து உரிந்தது. மறுபடி வந்தீர்கள். மறுபடி கொடுத்தேன். கடையில் நின்ற கொத்தனார் சிரித்தார்: "இன்னா சார், மழ வெளிய பேயுது, நீ வூட்டுக்குள்ள கொட புட்ச்சிகினு கீறியே!"

நீங்களும் சிரித்தீர்கள். நான் டின்னைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளில் நான் வீடு கட்ட நாள் குறித்ததும் சன்ஷேடை உடைத்துவிட்டு வந்து நின்றீர்கள். சட்டையெல்லாம் சிமென்ட் தூசி. "கடைக்கால் பூஜை முடியட்டும் சார்" என்றேன். பிறகு, "தளம் போடட்டும் சார்" என்றேன். அதற்குள் என் சுவரும் எல்லையை ஒட்டி எழும்பிவிட்டது. நடுவில் நாலு விரல் சந்து. கை நுழையும், பூசுகிற கரணை நுழையாது. உங்கள் சுவரை இனி யாரும் பூச முடியாது. என்னுடையதும் அப்படித்தான் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தீர்கள். திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன்.

"மேல தகரம் போட்டு மூடிடலாம் அண்ணாச்சி. ரெண்டு மாடிக் கைப்பிடிச் சுவருலயும் நீளப் பள்ளமா காடி வெட்டிச் செருகிட்டா, ரெண்டு வீட்டுக்கும் தண்ணி எறங்காது."

"பார்க்கலாம் சார்."

பார்க்கவே இல்லை. தகரம் சேர்த்துவிட்டால் பொதுச் சுவர் என்றாகிவிடுமோ என்று அதற்கும் ஒரு பயம்.

நீங்கள் காலமாகி இரண்டு மழை ஆகிறது. பல்லாவரத்தில் மகள் வீட்டில் இருக்கும் டீச்சரம்மாவிடம் சாவி கேட்டுப் போனேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. "எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. தகரம் தகரம்னு சொல்லிட்டே இருப்பாரு." அதைச் சொல்வதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினார். அன்றைக்கு நல்ல வெயில்.

உளியும் சுத்தியலுமாக முதல்முறை உங்கள் மாடிக்கு ஏறினேன். உங்கள் பக்கம் எனக்கு வேலையே இல்லை சார். கைப்பிடிச் சுவர் நெடுகக் காடி வெட்டி வைத்திருந்தீர்கள், ஓரம் பிசிறில்லாமல். உள்ளே கறுத்துக் கிடந்த பாசியைப் பார்த்தால் வெட்டிப் பல மழை ஆகியிருக்கும்.

என் பக்கத்துக் காடியை நானே வெட்டினேன். தகரம் உட்கார்ந்துவிட்டது. உள்ளே ஊறின ஈரம் எப்போது காயும், தெரியாது.

ஓதத்துக்குப் பெயின்ட் கேட்டு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். "வெளிப்பக்கம் பூசியிருக்கா?" என்று கேட்கிறேன். இல்லையென்றால் டின்னை எடுப்பதில்லை. பக்கத்து மனைக்காரர் யாரென்று விசாரிக்கிறேன்.

உங்கள் சாவி இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தால் டீச்சரம்மா எனக்கு நன்றி சொல்லுவார். அதைக் கேட்கத்தான் திராணி இல்லை.